நன்றியுரைக்கு ஓர் அக்கா

கட்சி நடத்தும் கூட்டம் எதுவானாலும் அழைப்பிதழின் கடைசி வரியில் அவள் இருப்பாள். மேலே தலைமை. அதன் கீழே முன்னிலை. பிறகு வரவேற்புரை, வாழ்த்துரை, எழுச்சியுரை, சிறப்புரை, பேருரை என்று ஆண்கள் அடுக்கடுக்காக நிற்பார்கள். எல்லாரும் பேசித் தீர்த்து, கேட்கிறவர்களுக்கு இடுப்பு கழன்று, காலால் செருப்பைத் துழாவ ஆரம்பிக்கிற நேரத்தில் ‘நன்றியுரை’ என்று ஒரு வரி. அந்த வரிதான் அவள். இதையே செய்து செய்து அவளுடைய பெயரே அப்படி ஆகிவிட்டது. நன்றியக்கா.

பிழைப்புக்கு அவளிடம் ஒரு பழைய பேப்பர்க்கடை இருந்தது. பேருந்து நிலையத்தின் பின்சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. வாசலில் தொங்குதராசு. உள்ளே ஒரு பக்கம் செய்தித்தாள், ஒரு பக்கம் அட்டை, ஒரு பக்கம் பாட்டில், மூலையில் துருப்பிடித்த இரும்பு. கட்டின் மேல் முழங்காலை ஊன்றி, சணல் கயிற்றை இழுத்து அவள் முடிச்சுப் போட்டால் அதை அவிழ்க்கக் கத்திதான் வேண்டும். ஊர் எதைப் படித்தது, எதைப் படிக்காமலே தூக்கிப் போட்டது என்பது அவளுக்குத் தெரியும். ‘பெண்ணே, பொதுவாழ்வுக்கு வா’ என்று கட்சி அச்சடித்த துண்டறிக்கைகள் போன வருஷம் கட்டுப் பிரிக்காமலே எடைக்கு வந்தன. கொண்டுவந்தவர் கட்சி அலுவலகக் காவலாளி.

“ஒண்ணாவது படிச்சுப் பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

“எனக்கு எதுக்கும்மா? நான் ஆம்பள” என்றார் அவர்.

கட்சிக்கு அவள் போனது புகழுக்காக இல்லை. அவளுடைய கடையில் அட்டை பிரித்து அடுக்கும் பெண் ஒருத்தி உண்டு. எல்லாரும் அட்டைக்காரி என்பார்கள். வார்டில் நகரசபையின் தாய் சேய் நல நிலையம் ஒன்றும் உண்டு. நல்ல கட்டடம், நல்ல நர்ஸ். ஆனால் காலையில் திறந்து மதியத்தோடு மூடிவிடுவார்கள். வேலைக்குப் போகிற எவளும் அந்த நேரத்தில் அங்கே போய் வரிசையில் நிற்க முடியாது. அட்டைக்காரிக்கு அப்போது ஏழாம் மாதம். கால் இரண்டும் தலையணைபோல வீங்கிக்கிடந்தன. நெற்றியில் ஓயாத வலி. கண்முன்னே பூச்சி பறக்கிறது என்றாள். நாளைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தவளுக்கு ஒரு பிற்பகலில் அட்டைக் குவியலின் மேலேயே வலிப்பு வந்தது. நன்றியக்கா அவளை ஒருக்களித்துப் புரட்டிப் போட்டாள். வாய்க்குள் கரண்டியைத் திணிக்க ஓடிவந்த புத்திசாலியை ஒரு தள்ளுத் தள்ளினாள். சரக்கு ஏற்ற வந்த வண்டியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். தாய் பிழைத்தாள். குழந்தை இல்லை. கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்திருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்கும். பார்க்கிற கருவியும் இருந்தது, பார்க்கிற ஆளும் இருந்தாள். திறந்திருந்த நேரம்தான் சரியில்லை.

நிலையத்தைச் சாயங்காலமும் திறக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. அதற்கு நகரசபையில் யாராவது ஒரு தீர்மானம் கொண்டுவந்தால் போதும். அந்த நம்பிக்கையில்தான் கட்சிக்குப் போனாள்.

“கவனிச்சிடலாம்மா” என்றார் கட்சியின் நகரத் தலைவர். அவர் எதையும் கவனிக்கிறவர் இல்லை. தன் சர்க்கரை நோயையே கவனிக்காதவர். கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழும் காலோடு மேடை மேடையாக ஏறி நாட்டின் ஆரோக்கியம் பற்றிப் பேசுவார். நிலையத்துக்குப் பதிலாக வார்டின் முகப்பில் ஒரு வளைவு கட்டினார். அதில் தன் பெயரைச் செதுக்கினார். வளைவின் கீழே நடந்து போனால் யாருக்கும் ரத்த அழுத்தம் இறங்குவதாகத் தெரியவில்லை.

அவளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று நன்றியுரையைக் கொடுத்தார்கள். பெண்களுக்கு மரியாதை கொடுக்கிறோம் என்று காட்டவும் ஓர் ஆள் வேண்டுமே.

இப்படியே இரண்டு தேர்தல் போயிற்று. மூன்றாவது தேர்தலில் அந்த வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அடுத்த முறை ஒதுக்கீடு வேறு வார்டுக்குப் போய்விடும். இப்போது விட்டால் விட்டதுதான். செய்தியைப் பேப்பரில் பார்த்த அன்றே அவள் கையைக் கழுவிக்கொண்டு கட்சி அலுவலகத்துக்குப் போனாள்.

அது ஒரு மாடி அறை. மின்விசிறி காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகக் கொடுக்கும். ஒரு நீண்ட மேஜை, அதன்மேல் டீ டம்ளர் வைத்து வைத்து விழுந்த வட்டங்கள். தலைவரின் வலப்பக்கம் செயலாளர். எதைச் சொன்னாலும் “பாத்துக்கலாம், பாத்துக்கலாம்” என்று மூக்குக்கண்ணாடியைத் துடைப்பவர். இடப்பக்கம் இளைஞரணித் தலைவர். இளைஞருக்குப் பேரன் பிறந்துவிட்டான். மயிருக்குச் சாயம் பூசுவார். சாயம் காதின் மேலேயும் கொஞ்சம் பட்டிருக்கும். மகளிரணியையும் கூடுதல் பொறுப்பாக அவரே வைத்திருந்தார். பெண்களுக்கு எதற்கு வீண் அலைச்சல் என்பது கட்சியின் கருத்து.

“தலைவரே, வார்டு நமக்கு வந்திருக்கு. நான் நிக்கலாம்னு இருக்கேன்” என்றாள்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிணவறைக்குள் வந்து யாரோ ஜன்னலைத் திறக்கச் சொன்னதுபோல இருந்தது அவர்கள் முகம்.

“அக்கா, உங்க உழைப்பு எங்களுக்குத் தெரியாதா?” என்றார் செயலாளர். “ஆனா சபைன்னா பேசணும். உங்களுக்கு நன்றியுரை தவிர வேற எதுவும் பேச வராதே.”

“வேற எதுவும் பேசக் குடுத்தீங்களா?”

“பாத்தீங்களா, பாத்தீங்களா, கோவம் வருது” என்றார் இளைஞர். “மகளிரணிப் பொறுப்பாளர்ங்கிற முறையில சொல்றேன், பெண்களுக்கு முதல்ல பொறுமை வேணும்.”

“பத்து வருஷமா உங்க பேச்சைக் கேட்டிருக்கேன் தம்பி. அதுக்கு மேல என்ன பொறுமை வேணும்?”

தலைவர் மேஜையைத் தட்டினார். “சண்டை வேண்டாம். நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். நம்ம பொண்ணு நிக்கட்டும்.”

நம்ம பொண்ணு என்றால் தலைவரின் மகள். அவள் கல்யாணமாகி வேறு நகரத்தில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிறாள். அப்பாவைப் பார்க்க வந்தாலும் மறுநாளே திரும்பிவிடுவாள்.

“பாப்பாவுக்கு இதுல விருப்பமாங்க?” என்று கேட்டார் செயலாளர்.

“விருப்பமென்னய்யா விருப்பம்? வீட்டுப் பொண்ணு. மாநாட்டுல அறிவிச்சிடுவோம். அப்புறம் போன் பண்ணிச் சொல்லிக்கலாம்.”

மாநாடு என்பது அடுத்த வாரம் நடக்கவிருந்த ‘அரசியலுக்கு அழைக்கிறோம் பெண்களை’ மாநாடு. அழைப்பிதழ் மேஜையில் கிடந்தது. வரிசையாக ஆண் பெயர்கள். அடியில் நன்றியுரை. அவள் அதைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு வைத்தாள். படியிறங்கினாள். பின்னால் இளைஞர், “அக்கா, கீழ போறப்ப மூணு டீ சொல்லிட்டுப் போங்க” என்றார். அவள் சொல்லவில்லை.

வீட்டில் நாத்தனார் கட்டிலில் கிடந்தாள். கணவனின் அக்கா. பேருந்தில் கண்டக்டராக இருந்தவள். பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாய் பாதிதான் அசையும். அந்தப் பாதியைக்கொண்டே ஊரை ஒரு வழி பண்ணுவாள். நன்றியக்கா அவளைப் புரட்டினாள். குதிகாலும் இடுப்பெலும்பும் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள். பவுடரைத் தட்டினாள். தலையை உயர்த்தி வைத்து, கெட்டியாகக் கரைத்த கஞ்சியைக் கரண்டியில் ஊட்டினாள். தண்ணீராகக் கொடுத்தால் புரை ஏறும்.

“என்ன மூஞ்சி இப்படி இருக்கு?” என்றாள் நாத்தனார். “சீட் இல்லைன்னுட்டானா?”

“தலைவர் பொண்ணாம் அண்ணி.”

“அவளா? அவ சின்னப் பிள்ளையில என் பஸ்ஸுல வந்தவ. எந்த ஸ்டாப்புல இறங்கணும்னுகூடத் தெரியாது.” கஞ்சியை விழுங்கினாள். “அவளாவது பரவாயில்ல. நீ? பத்து வருஷமா நன்றி சொன்னியே, எதுக்குடி? அவனுங்க என்ன குடுத்தானுங்க?”

“விடுங்க அண்ணி, புரை ஏறும்.”

“ஏறட்டும். இதைக் கேட்டுட்டுச் சாகிறேன்.”

கணவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். நல்ல மனுஷர்தான்; ஆனால் நல்ல மனுஷர் என்பது வேலை செய்யாமலிருக்க ஒரு காரணமாகவே அந்த வீட்டில் இருந்தது. உள்ளே வந்து, “எதுக்கு இந்த வம்பெல்லாம்?” என்றார்.

“மாநாட்டுக்குப் போகணும். சாயங்காலம் அண்ணியை நீங்கதான் பாத்துக்கணும்.”

“எனக்குத் தெரியாதே.”

“இந்தாங்க, தோளுல ஒரு கை, இடுப்புல ஒரு கை. மூச்சை விட்டுட்டு உங்க பக்கமா உருட்டுங்க. தூக்காதீங்க, உருட்டுங்க.”

அவர் உருட்டினார்.

“டேய், மெதுவா! நான் என்ன உன் வேன் டயரா?” என்று கத்தினாள் நாத்தனார்.

பரவாயில்லை, கற்றுக்கொள்வார் என்று நன்றியக்காவுக்குத் தோன்றியது. இதைப் பத்து வருஷம் முன்னாலேயே செய்திருக்க வேண்டும் என்றும் தோன்றியது.

மாநாட்டு மண்டபம் நிறையப் பெண்கள். அவர்களாக வந்தவர்கள் இல்லை. தெருத்தெருவாகப் பஸ் அனுப்பி ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். போன மாநாட்டில் ஒரு சங்கடம் நடந்திருந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தை முதலிலேயே கொடுத்துவிட்டார்கள். பெண்கள் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்கள். தலைவர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பெண்ணின் பெருமையைப் பேசும்படி ஆயிற்று. அதனால் இந்த முறை இளைஞர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். பொட்டலம் பஸ்ஸில் இருக்கும். பஸ் கதவு பூட்டியிருக்கும். நன்றியுரை முடிந்த பிறகுதான் திறக்கும். இந்த யோசனைக்காகத் தலைவர் அவருடைய முதுகில் தட்டிக் கொடுத்தார். இன்னொரு பெருமையும் இளைஞருக்கு இருந்தது: மாநாட்டைக் கேமரா வைத்து நேரலையாக ஊர் முழுக்கக் காட்டப்போகிறார்.

பேசினார்கள். பெண் ஒரு நதி என்றார் ஒருவர். பெண் ஒரு விளக்கு என்றார் அடுத்தவர். மலர் என்றார் செயலாளர். இளைஞர் புயல் என்று ஆரம்பித்து, தலைவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தென்றல் என்று முடித்தார். பெண் ஓர் ஆள் என்று மட்டும் எவரும் சொல்லவில்லை. தலைவர் எழுந்து, கால் வலியை மறைத்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நீளமாகப் பேசினார். முடிவில் தன் மகளை வேட்பாளராக அறிவித்தார். முன்வரிசை ஆண்கள் கைதட்டினார்கள். பெண்கள் பஸ் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அடுத்து நன்றியுரை” என்றார் செயலாளர். சொன்ன வேகத்தில் மைக்கை விட்டுவிட்டு நகர்ந்தார்.

வழக்கம் அப்படித்தான். நன்றியுரை யாருக்காகவோ அவர்கள் அதைக் கேட்பதில்லை. மேடைக்குப் பின்னால் இலவசச் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும்போது யார் கேட்பார்கள்? தலைவர், செயலாளர், இளைஞர், முன்வரிசைக்காரர்கள் எல்லாரும் பின்கதவு வழியாக உள்ளே போனார்கள். கதவை மூடிக்கொண்டார்கள். மேடையில் மிச்சமிருந்தது மைக்செட்காரர் ஒருவர்தான். அவருக்கும் பசி, ஆனால் பெட்டியை விட்டுப் போக முடியாது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

நன்றியக்கா மைக் முன்னால் வந்தாள். எந்தத் திட்டமும் இல்லை. பழக்கத்தில் வாய் ஆரம்பித்தது.

“இந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய...” என்று திரும்பிப் பார்த்தாள். தலைமை இல்லை. “முன்னிலை வகித்த...” முன்னிலையும் இல்லை. ஓரமாக ஒரு செருப்பு மட்டும் கிடந்தது.

“நன்றி சொல்ல ஆளைக் காணோம்” என்றாள்.

மண்டபம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “அக்கா, சீக்கிரம் முடி, பசி உயிர் போகுது” என்று கத்தினாள்.

“எனக்கும் பசிதான். அவங்க உள்ள சாப்பிடறாங்க. உங்க சாப்பாடு பஸ்ஸுல பூட்டி வெச்சிருக்கு. நான் முடிச்சாத்தான் பூட்டைத் திறப்பாங்க. அதனால இன்னிக்கு நான் பேசறதை நீங்க கேட்டுத்தான் ஆகணும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “இவ்வளவு நல்ல ஏற்பாட்டை எனக்குப் பண்ணிக் குடுத்த இளைஞரணித் தலைவருக்கு முதல் நன்றி.”

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மைக்செட்காரர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். ஏன் கூட்டினார் என்று பிறகு அவரைக் கேட்டபோது, கை பட்டுவிட்டது என்றார்.

“நம்ம வார்டுக்கு வேட்பாளர் அறிவிச்சாங்களே, அந்தப் பொண்ணை யாராவது பாத்திருக்கீங்களா?”

“கல்யாணப் போட்டோவுல பாத்தேன்” என்றாள் ஒருத்தி.

“நல்லாயிருந்தாளா?”

“நல்லாத்தான் இருந்தா.”

“போட்டோ நல்லாயிருந்தா சுவத்துல மாட்டலாம். சபைக்கு அனுப்பணுமா? நம்ம நர்ஸம்மா நிலையத்தைச் சாயங்காலம் திறந்தா உங்களுக்கு உதவுமா, உதவாதா? பத்து வருஷமா நான் இதைத்தான் கேக்கறேன். கவனிச்சிடலாம்னு சொல்லியே காலத்தை ஓட்டிட்டாங்க. நான் நிக்கறேன்னு போனேன். உனக்குப் பேச வராதுன்னாங்க.”

“இப்ப என்ன பண்ணப்போற?” என்றது ஒரு குரல்.

“அதைத்தான் நானும் பாத்துட்டிருக்கேன்.”

அட்டைக்காரி எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை அவள். கடையில்கூட முனகலாகத்தான் பேசுவாள்.

“என் பிள்ளை எதுக்குச் செத்துச்சுன்னு எனக்குத் தெரியும்” என்றாள். “அக்கா நிக்கட்டும்.” உட்கார்ந்துவிட்டாள்.

நன்றியக்காவுக்கு ஒரு விஷயம் உறைத்தது. மாநாட்டில் தீர்மானம் போடுவார்கள். நன்றியுரை முடிகிற வரைக்கும் மாநாடு நடந்துகொண்டுதான் இருக்கிறது. இது அவர்களே வைத்த முறை.

“அப்ப ஒரு தீர்மானம் போடுவோம்” என்றாள். “இந்த வார்டுக்கு நான் நிக்கணும்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க. என் மூஞ்சிக்காகத் தூக்க வேண்டாம். பசிக்காகவும் தூக்க வேண்டாம். தூக்கினாலும் தூக்காட்டியும் சாப்பாடு உண்டு.”

கைகள் எழுந்தன. எல்லாம் இல்லை. முன்னால் இருந்த பருத்த அம்மாள் ஒருத்தி கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

“ஏம்மா, உங்களுக்கு வேண்டாமா?”

“போன மாசம் என் பேப்பரை நீ கம்மியா எடை போட்டேன்னு எனக்குச் சந்தேகம்.”

“ஈரப் பேப்பரைக் கொண்டுவந்துட்டு என்னையா சந்தேகப்படறீங்க? நாளைக்கு வாங்க, உங்க கண்ணு முன்னாலயே போடறேன். இப்ப சொல்லுங்க, நிலையம் சாயங்காலம் வேணுமா, வேண்டாமா?”

அந்த அம்மாள் யோசித்தாள். “என் மருமகளுக்கு வேணும்” என்று பாதிக் கையைத் தூக்கினாள்.

“பாதிக் கையும் கைதான். தீர்மானம் நிறைவேறியது. வந்தவங்க எல்லாருக்கும் நன்றி. எழுந்து பஸ்ஸுக்குப் போங்க.”

கைதட்டல் உள்ளே வரைக்கும் கேட்டது. பின்கதவு திறந்து தலைவர் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தார். மீசையில் ஒரு பருக்கை.

“என்னய்யா சத்தம்?”

“தீர்மானம் நிறைவேறிடுச்சாம்” என்றார் செயலாளர்.

“எந்தத் தீர்மானம்?”

“தெரியலைங்க. நாம சாப்பிட்டுட்டு இருந்தோம்.”

நேரலையில் பார்த்த ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. தலைவர்களுக்கு மட்டும் கை காய்ந்த பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். தலைவர் நாற்காலியில் கனமாகச் சாய்ந்திருந்தார். “கட்டுப்பாடு இல்லாத ஆளு கட்சிக்குத் தேவையில்ல. அந்தக் கைதூக்கலெல்லாம் செல்லாது. நன்றியுரைக்கும் வேற ஆளைப் பாத்துக்கறோம்.”

“தாராளமாப் பாருங்க. எனக்குத் தொண்டை மிச்சம்” என்றாள் அவள். “வேட்பாளர் யாருன்னு மட்டும் சொல்லுங்க.”

“அறிவிச்சது அறிவிச்சதுதான்.”

“உங்க பொண்ணு ஒத்துக்கிட்டாளா?”

செயலாளர் கண்ணாடியைத் துடைத்தார். அந்தப் பெண் போனை எடுக்கவில்லை என்பது அந்தத் துடைப்பிலேயே தெரிந்தது. நன்றியக்கா கும்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. கடையைத் திறக்க நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டாள். ஆனால் உள்ளுக்குள் ஆட்டம் கண்டிருந்தது. மனு கொடுக்கும் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கட்சியின் ஒப்புதல் கையெழுத்து இல்லாமல் சின்னம் கிடைக்காது; சின்னம் இல்லாமல் நின்றால் எல்லா வார்டிலும் நிற்கிற ஆர்வக்கோளாறுகளில் அவளும் ஒருத்தி. அன்று கட்டிய கட்டு ஒன்றும் சரியாக இறுகவில்லை.

அதே வாரத்தில் மேலிடத்துத் தலைவர் வருவதாக இருந்தது. பெரிய கூட்டம். வழக்கம்போல இளைஞர் பஸ்களை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். நன்றியக்கா யாரையும் போகாதே என்று சொல்லவில்லை. அவளுக்கு அதற்கு நேரமும் இல்லை. முதல் பஸ் பேருந்து நிலையத்தின் பின்னால் வந்து நின்றது. அட்டைக்காரி கடை வாசலில் நின்று அட்டைப் பெட்டி ஒன்றை மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்க ஒரு கூட்டமே நின்றது.

“ஏறுங்கம்மா, ஏறுங்க. இந்தத் தடவை சாப்பாடு முதல்லயே உண்டு” என்றார் இளைஞர்.

“வார்டுல யாரு நிக்கறாங்க?” என்று கேட்டாள் அட்டைக்காரி.

“அதெல்லாம் மேலிடம் முடிவு பண்ணும்.”

“அப்ப மேலிடத்தையே பஸ்ஸுல ஏத்திக்கோங்க.”

குழாயடி முழுக்கச் சிரிப்பு. ஒருத்தியும் நகரவில்லை. அடுத்த தெருவிலும் அதே கேள்வி, அதே பதில். யார் யாருக்குச் சொன்னார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மைதானத்துக்குப் பஸ்கள் வரிசையாக வந்து கதவைத் திறந்தன. உள்ளிருந்து இறங்கியவர்கள் டிரைவர்கள். கடைசிப் பஸ்ஸிலிருந்து இளைஞர் இறங்கினார், தனியாக, வியர்வையில் காதோரம் சாயம் வழிய.

மேலிடத்துத் தலைவர் காலி மைதானத்தைப் பார்த்தார். பிறகு நகரத் தலைவரைப் பார்த்தார். அதற்கு மேல் அவர் என்ன சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது, காருக்குள் சொன்னார். மறுநாள் காலையில் செயலாளரே கடைக்கு வந்து கையெழுத்துப் போட்ட ஒப்புதலை நீட்டினார். அன்று சாயங்காலமே தலைவர் நிருபர்களைக் கூப்பிட்டு, எளிய பெண் ஒருத்தியைப் பத்து வருஷமாக மேடையேற்றித் தானே வளர்த்து ஆளாக்கியதாகச் சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கண்ணில் கோளாறு வருவது உண்டு.

வளர்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அவளைத் தோற்கடிக்கச் செயலாளர் வீடு வீடாக இரகசியமாகச் சொல்லிவருகிறார் என்று கேள்வி. அவள் ஓட்டுக் கேட்டு அவருடைய வீட்டுக்கே போனாள். செயலாளர் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டிருந்தார். மனைவிதான் வாசலுக்கு வந்தாள்.

“என்னங்க,” என்று உள்ளே திரும்பிச் சத்தமாகக் கேட்டாள், “இந்த அக்காவுக்கு ஓட்டுப் போட வேண்டாம்னு நேத்து பக்கத்து வீட்டுல சொன்னீங்களே, அதை இவங்ககிட்டயே நேரா சொல்லிடுங்க. வந்திருக்காங்க.”

பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. “வாங்கக்கா, உக்காருங்க, டீ சாப்பிடறீங்களா?” என்றது அதன் பின்னாலிருந்து ஒரு குரல்.

“யாரு போடறது டீ?” என்றாள் மனைவி. “நான் இவங்களோட போறேன். இந்தத் தெரு முழுக்க எனக்குப் பழக்கம்.” செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நன்றியக்கா ஜெயித்தாள். அதிக வித்தியாசத்தில் இல்லை; ஜெயித்தாள். சபையில் சாயங்கால நேரத் தீர்மானத்தை முதல் கூட்டத்திலேயே கொண்டுவந்தாள். ஒத்திவைத்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் கொண்டுவந்தாள். விவாதம் போதாது என்றார்கள். அவள் விவாதிக்க ஆரம்பித்தாள். மேடையில் யாரும் கேட்காத பத்து வருஷப் பேச்சு அவளிடம் மிச்சமிருந்தது. உறுப்பினர்கள் வீட்டுக்குப் போனால் போதும் என்று கையைத் தூக்கினார்கள்.

நிலையம் சாயங்காலம் திறக்கும் முதல் நாளன்று திறப்பு விழாவுக்குத் தலைவர் வருவதாக இருந்தது. சிவப்பு ரிப்பன், கத்தரிக்கோல், பூங்கொத்து, கேமரா. பெண்கள் முன்னாலேயே வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். வேலை முடிந்து நேராக வந்தவர்கள். சிலருக்குக் கால் வீங்கியிருந்தது. நிற்க வைப்பதில் எந்த லாபமும் இல்லை. நன்றியக்கா நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் அவளைப் பார்த்தாள். ரிப்பனை ஒருத்தி கையால் தூக்கிப் பிடித்தாள். மற்றவர்கள் குனிந்து உள்ளே போனார்கள்.

தலைவர் வந்தபோது நர்ஸ் மூன்றாவது பெண்ணின் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் கத்தரிக்கோலோடு நின்றார். சாயங்கால வெயில் அவருடைய முதுகின் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது.

“நான் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிட்டீங்களா?” என்றார்.

நர்ஸ் நிமிரவில்லை. கருவியின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க” என்றாள். “வெளிச்சத்தை மறைக்கறீங்க.”

அவர் ஓரமாக நின்றார்.